முழங்கைக்கு ரெண்டாவது ஆபரேஷன்: பண்ணலாமா, எப்ப, யார் காசுல?



போன வாரம் ராசிபுரத்துல இருந்து சித்தப்பா பையன் போன் பண்ணினான். "அண்ணா, கைக்கு மறுபடியும் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. கோயம்புத்தூர்ல வேற வேலையும் கிடைச்சிருக்கு. இங்கயே முடிச்சுட்டுப் போறதா, அங்க போய்ப் பார்த்துக்கறதா?"

"இதை டாக்டர்கிட்டயே கேளுடா"ன்னு சொல்லத்தான் முதல்ல வாய் வந்துச்சு. யோசிச்சுப் பார்த்தா, இதுல பாதிக்கு மேல சம்பளம், லீவு, இன்சூரன்ஸ் சம்பந்தப்பட்ட கேள்வி. அதனாலதான் இங்க எழுதறேன்.

அவனுக்கு வயசு 27. நாமக்கல்ல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில வேலை. ஒன்றரை வருஷம் முன்னாடி ஆண்டகளூர்கேட் பக்கம் ஒரு மினி லாரி உரசி பைக்கோட விழுந்தான். வலது முழங்கை உடைஞ்சு பிளேட் வச்சாங்க. எலும்பு சேர்ந்துடுச்சு, கைதான் சேரலை. முழுசா நீட்டவும் முடியலை, முழுசா மடக்கவும் முடியலை. சட்டைக் காலர் பட்டனை இடது கையில போடறான். சாப்பாட்டுக்குத் தலையைக் குனிஞ்சு கைகிட்ட கொண்டு போறான். கல்யாணப் பந்தியில உட்காரவே கூச்சப்படறான்னு சித்தி சொல்லுச்சு.

முழங்கையில ரெண்டாவது ஆபரேஷன் அபூர்வம் இல்லைங்க. இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஜோஃப்ரா ஆர்ச்சரைப் பாருங்க. 2021 மே மாசம் வலது முழங்கையில ஆபரேஷன். சரியாகலைன்னு அதே வருஷம் டிசம்பர்ல மறுபடியும். ரெண்டு மாசம் கழிச்சு ஐபிஎல் ஏலத்துல, அந்த சீசன் அவர் ஆட மாட்டார்னு தெரிஞ்சே மும்பை இந்தியன்ஸ் 8 கோடிக்கு எடுத்தாங்க. அப்புறம் முதுகுலயும் அடி, 2023-ல முழங்கை மறுபடி மக்கர். 2021 பிப்ரவரியில அகமதாபாத்ல ஆடினதுக்கு அப்புறம் அவர் அடுத்த டெஸ்ட் ஆடினது 2025 ஜூலையில, லார்ட்ஸ்ல. நாலு வருஷத்துக்கு மேல.

அத்தனை காசும், கூடவே பிசியோவும் இருக்கற ஆளுக்கே இவ்வளவு நாள் ஆச்சு. ஆனா காத்திருக்க அவருக்கு வசதி இருந்துச்சு. நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு 2021 ஏப்ரல்ல முழங்கால் ஆபரேஷன் நடந்தப்ப, கிரிக்கெட் வாரியத்துக்கு நன்றி சொல்லிப் பதிவு போட்டார். நமக்குப் பின்னாடி எந்த வாரியமும் இல்லை. எச்ஆர் டிபார்ட்மென்ட்தான் இருக்கு.

முதல்ல 'பண்ணலாமா'ங்கறதைப் பார்ப்போம். டாக்டர்கிட்ட "சரியாயிடுமா?"ன்னு கேட்காதீங்க. "இப்ப எத்தனை டிகிரி அசையுது, ஆபரேஷனுக்கு அப்புறம் எத்தனை எதிர்பார்க்கலாம்?"னு கேளுங்க. நேரா நீட்டின கை 0, முழுசா மடக்கினா சுமார் 140. அமெரிக்காவுல மேயோ கிளினிக் மருத்துவர் மோரே குழு 1981-ல அளந்து சொன்னது: அன்றாட வேலையில பெரும்பாலானதுக்கு 30-ல இருந்து 130 டிகிரி வரைக்கும் அசைஞ்சா போதும். செல்போனைக் காதுல வைக்க அதுக்கு மேலயும் மடங்கணும்னு பின்னாடி வந்த ஆய்வு சொல்லுது.

நம்ம தம்பிக்கு 40-ல இருந்து 105 வரைக்கும்தான். நீட்டறது 40-லயே நின்னா சமாளிச்சுக்கலாம், ஒரு அடி கிட்ட போய் நின்னுக்கலாம். மடங்காம இருக்கறதுதான் ஆளைக் கொல்லுது, கை வாய்க்கே போகாது. இதே கை 30-ல இருந்து 125 வரைக்கும் போயிருந்தா, "ஆபரேஷன் வேண்டாம், பிசியோவைத் தொடர்ந்து பண்ணு"ன்னு நானே சொல்லியிருப்பேன். கூடவே, சுண்டு விரல் மரத்துப் போகுதான்னும் சொல்லுங்க. முழங்கைக்குப் பின்னாடி ஓடற அல்நார் நரம்பு அழுந்தினா அப்படி ஆகும். அது இருந்தா ரொம்ப நாள் தள்ளிப் போடறது நல்லதில்லை.

ரெண்டாவது கருத்து கேட்கறது முதல் டாக்டரை அவமானப்படுத்தறது ஆகாது. சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, ரெண்டுலயும் எலும்பு முறிவுப் பிரிவு இருக்கு. ஒரு நாள் காலையில எக்ஸ்ரேவையும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துட்டுப் போய் வரிசையில நின்னா, ஆபரேஷன்ல லாபம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத ஒருத்தர் சொல்ற பதில் கிடைக்கும். எண்ணெய் போட்டு இழுத்து நீவி விடறவங்ககிட்ட மட்டும் முழங்கையைக் கொடுக்காதீங்க. அடிபட்ட முழங்கையை முரட்டுத்தனமா நீவினா தசைக்குள்ள எலும்பு வளர வாய்ப்பு இருக்கு.

சரி, காசுக்கு வருவோம். தம்பி கையில வாங்கறது 28,000. ஆஸ்பத்திரி எஸ்டிமேட் 1,10,000. இப்ப இருக்கற கம்பெனியோட குரூப் பாலிசியில 3 லட்சம் கவர். "கேஷ்லெஸ் அண்ணா, ஒரு ரூபா செலவில்லை"ன்னான். உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம்.

கையுறை, சிரிஞ்ச், ஃபைல் சார்ஜ்னு இன்சூரன்ஸ் தராத ஐட்டங்கள் 9,000. டாக்டர் சொன்ன லீவு 45 நாள், அவன் கையில இருக்கற லீவு 15 நாள். மீதி 30 நாள் சம்பளமில்லா விடுப்பு, 28,000 போச்சு. பிசியோதெரபி 30 தடவை, தடவைக்கு 400, ஆக 12,000. பைக் ஓட்ட முடியாது, ராசிபுரத்துல இருந்து சேலம் போய்வர 5,000. மொத்தம் 54,000. ஒரு ரூபா செலவில்லாத ஆபரேஷனுக்கு ரெண்டு மாசச் சம்பளம் கிட்ட வருது. பைக் இஎம்ஐ 4,200 அது பாட்டுக்குப் போகும், கணக்குல சேர்க்கலை. பாலிசியே இல்லாம பண்ணினா 1,55,000.

இதுல பிசியோ செலவை மட்டும் கொஞ்சம் மீட்கலாம். பல பாலிசியில டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 60 நாள், சிலதுல 90 நாள் வரைக்கும் ஆகற தொடர் சிகிச்சைச் செலவைத் தருவாங்க. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் பில்லும் வேணும். சீட்டு இல்லாம பிசியோ போய்ட்டு அப்புறம் கேட்டா நடக்காது.

இங்க ஒரு முக்கியமான விஷயம். இறுகிப்போன முழங்கையை விடுவிக்கற ஆபரேஷன்ல, டேபிள்ல கிடைக்கற டிகிரி பாதி வேலைதான். மீதி அடுத்த ஆறு, எட்டு வாரத்துல, வலியோட தினமும் அசைக்கறதுல இருக்கு. விட்டா மறுபடி இறுகிடும். அந்த 45 நாள் லீவை ஓய்வுன்னு நினைக்காதீங்க, சிகிச்சையே அதுதான். அதுக்கு எந்த மெடிக்ளெய்மும் சம்பளம் தராது. அதனால ஆபரேஷன் தேதியை பில்லை வச்சு முடிவு பண்ணாதீங்க, லீவு எங்க கிடைக்கும்னு பார்த்து முடிவு பண்ணுங்க.

இப்ப தம்பியோட கேள்விக்கு வரலாம். புதுக் கம்பெனியிலயும் குரூப் பாலிசி இருக்கு. குரூப் பாலிசி பலதும் ஏற்கனவே இருக்கற பிரச்சினையை முதல் நாள்ல இருந்தே கவர் பண்ணும், அதனால அங்க போயும் பண்ணலாம்னு தோணும். ஆனா ஆறு மாசம் புரொபேஷன். சேர்ந்த ரெண்டாவது மாசம் 45 நாள் லீவு கேட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. லீவு கிடைக்காம ஆபரேஷன் பண்ணிட்டு பத்தாவது நாள் ஆபீஸ் போனா, கை பழையபடி நிக்கும். காசும் போச்சு, கையும் போச்சு.

"தனியா ஒரு பாலிசி எடுத்துக்கறேனே?" எடுங்க, எப்படியும் எடுக்கணும். ஆனா இந்தக் கைக்கு உடனே உதவாது. பழைய அடியை விண்ணப்பத்துல சொல்லித்தான் ஆகணும். சொன்னா, ஏற்கனவே இருக்கற நோய்னு காத்திருப்புக் காலம் வரும். 2024 ஏப்ரல்ல இருந்து அதுக்கு உச்ச வரம்பு 3 வருஷம். மறைச்சு எடுத்தா, க்ளெய்ம் நேரத்துல பழைய எக்ஸ்ரே ஒண்ணு போதும், நிராகரிக்க. வேலையை விடறப்ப குரூப் பாலிசியில இருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாறவும் வழி இருக்கு. ஏற்கனவே ஓடின காத்திருப்புக் காலம் கணக்குல வரும். ஏத்துக்கறதா இல்லையான்னு கம்பெனிதான் முடிவு பண்ணும், அதனால கடைசி வேலை நாளுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

மாசச் சம்பளம் 21,000-க்குள்ள இருக்கறவங்களுக்குக் கதையே வேற. உங்களுக்கு இஎஸ்ஐ பிடிக்கறாங்கன்னா, சிகிச்சையோட சேர்த்து, தகுதிக்கான நாட்கள் சந்தா கட்டியிருந்தா சம்பளத்துல 70 சதவீதம் வரைக்கும் வருஷத்துக்கு 91 நாள் கிடைக்கும். வேலைக்குப் போறப்ப, வர்றப்ப நடந்த விபத்தைக்கூட, வேலையோட சம்பந்தம் இருந்தா, பணியிட விபத்தா எடுத்துக்க 2010-ல சட்டம் திருத்தியிருக்காங்க. அப்படின்னா 90 சதவீதம். அந்த 54,000-ல பெரிய ஓட்டையே சம்பள இழப்புதான், அதை அடைக்கற ஒரே ஏற்பாடு இது. சம்பளம் 21,000-ஐத் தாண்டினதும் "இஎஸ்ஐ பிடிப்பு நின்னுச்சு"ன்னு சந்தோஷப்படறோம். எதை இழக்கறோம்னு யாரும் பார்க்கறதில்லை.

அரசுத் திட்டம்? 'இன்னுயிர் காப்போம்' விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கானது, ஒன்றரை வருஷம் கழிச்சு வர்ற ஆபரேஷனுக்கு இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும். நம்மள மாதிரி மாசச் சம்பளக்காரங்க பெரும்பாலும் வெளியதான்.

கடைசியா ஒண்ணு, இதைத் தம்பி சொல்லவே மறந்துட்டான். மினி லாரி மேல நாமக்கல்ல விபத்து இழப்பீட்டு வழக்கு நடக்குது. லோக் அதாலத்துல முடிச்சுக்கலாம்னு எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகை சொல்லியிருக்கு, கையெழுத்துப் போடற நிலைமையில இருந்தான். நல்லவேளை கேட்டேன். எதிர்கால மருத்துவச் செலவும் இழப்பீட்டுல ஒரு தலைப்புதான்னு 2010-ல ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு. சமரசத்துல கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் போய் "இன்னொரு ஆபரேஷன் இருக்கு"ன்னு கேட்க வழி கிடையாது. டாக்டர்கிட்ட லெட்டர்ஹெட்ல எஸ்டிமேட், டிகிரி அளவு, லீவு நாள் மூணையும் எழுதி வாங்கி முதல்ல வக்கீல்கிட்ட கொடுக்கச் சொன்னேன். இன்னும் வழக்கே போடாதவங்க கவனிங்க, 2022 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கற திருத்தம், விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு சொல்லுது. தாண்டியிருந்தாலும் நீங்களே முடிவு பண்ணாம ஒரு வக்கீலைப் பாருங்க.

தம்பி இப்ப ராஜினாமா கடிதத்தைக் கொடுக்காம வச்சிருக்கான். நாமக்கல் அரசு மருத்துவமனையிலயும் காட்டிட்டான். மடக்கறதுல 20, 25 டிகிரி கிடைக்கலாம், உத்தரவாதம் இல்லைன்னு சொல்லியிருக்காங்க. "வாய்க்கு எட்டினா போதும்ணா"ங்கறான். 54,000-ல 30,000 ஆர்டி-ல இருக்கு, மீதிக்கு பர்சனல் லோன் வேண்டாம்னு சித்தப்பாவே தர்றேன்னுட்டார். கோயம்புத்தூர் கம்பெனிக்கு, சேர்ற தேதியை மூணு மாசம் தள்ளித் தர முடியுமான்னு காரணத்தையும் மறைக்காம எழுதி மெயில் அனுப்பியிருக்கான். பதில் இன்னும் வரலை.