சாயமும் பூச்சிமருந்தும் உயிரணுவில் செய்யும் கேடு

பூச்சிமருந்து தெளிக்கையில் தலைசுற்றலும் வாந்தியும் கண்டால் அது நஞ்சின் வேலை என்பதை எவரும் அறிவர். அன்றே தெரிவதால் அன்றே மருத்துவரிடம் செல்கிறோம். சில இரசாயனப் பொருள்களோ வெளிக்கு எத்துன்பமும் காட்டாமல், உயிரணுவினுள் இருக்கும் மரபணுவைத் தாக்கிவிட்டுப் போகின்றன. அதன் விளைவு இருபது ஆண்டுகள் சென்றபின் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். பயிரிடுவோரும் நெய்வோரும் அங்கத்தினராயுள்ள நம் சங்கங்களுக்கு இவ்விஷயம் இரு வகையிலும் உரியது.

இதனை முதலில் உணர்த்தியது சாயத்தொழிலே. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், மெஜந்தாச் சாயம் செய்யும் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பையில் கட்டிகள் தோன்றுவதை 1895-இல் எடுத்துரைத்தார். சாயங்களுக்கு மூலப்பொருளான பென்சிடின் இந்நோயை உண்டாக்கும் என்பது பின்னாளில் உறுதியாயிற்று. பென்சிடினிலிருந்து செய்த சாயம் உடலினுள் சென்றால், குடலிலுள்ள நுண்ணுயிர்களாலும் ஈரலாலும் பிளவுண்டு மீண்டும் பென்சிடினாகிறது. 1990-களில் இந்திய அரசு இத்தகைய சாயங்களைத் தடை செய்தமைக்குக் காரணம் இதுவே.

இரசாயனப் பொருள் மரபணுவை மாற்றவல்லது என்பதை, எடின்பரோவில் சார்லட் அவர்பாக் என்ற பெண்மணி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழ ஈக்களைக் கடுகு வாயுவுக்கு உட்படுத்திக் கண்டார். ஆனால் ஒவ்வொரு பொருளையும் இவ்வாறு சோதிக்க நெடுங்காலம் ஆகும். கலிபோர்னியாவின் புரூஸ் ஏம்ஸ் 1973-இல் எளிய வழி ஒன்றை விளக்கினார். ஹிஸ்டிடின் என்னும் சத்தைத் தானே செய்துகொள்ள இயலாத நுண்ணுயிரை அச்சத்து இல்லாத தட்டில் இட்டால் அது வளராது. சோதிக்கும் பொருள் அதன் மரபணுவை மாற்றினால், மாறியவை வளர்ந்து புள்ளிபுள்ளியாய்த் தோன்றும், எண்ணிவிடலாம். எலியின் ஈரற்சாற்றையும் அவர் கூடச் சேர்த்தார். இதுவே இதில் நுட்பம்; பல பொருள்கள் ஈரலில் மாறிய பின்னரே நஞ்சாகின்றன.

பயிர்த்தொழிலில் இதற்குச் சான்று, வேர்ப்புழுவை ஒழிக்க மண்ணில் இட்ட டி.பி.சி.பி. என்னும் மருந்து. கலிபோர்னியாவில் லாத்ரப் என்னும் ஊரில் அதைத் தயாரித்த தொழிலாளர், தமக்குள் பலருக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை என்பதைத் தாமே பேசிக் கண்டுகொண்டனர். 1977-இல் சோதித்தபோது சிலருக்கு விந்தணுவே இல்லை. ஏம்ஸ் சோதனையிலும் அம்மருந்து மரபணுவை மாற்றுவதாய்த் தெரிந்தது. அமெரிக்க அரசு 1979-இல் அதன் பயன்களில் பெரும்பாலானவற்றை நிறுத்தியது.

இன்று கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டியெடுத்த உயிரணுக்களை உருப்பெருக்கியில் நோக்கி, உடைந்த மரபணுத் துண்டுகள் தனித்து நிற்கின்றனவா என்று எண்ணுகின்றனர். பூச்சிமருந்து தெளிப்போரிடம் இவை மிகுதியாய் இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன. இதைக் கேட்டு அங்கத்தினர் அஞ்சிவிடலாகாது. வயதும் புகையிலையும் இவ்வெண்ணிக்கையை உயர்த்தும். துண்டுகள் காணப்பட்ட ஒருவருக்கு நோய் வந்தே தீரும் என்பதும் இல்லை. கன்னத்து உயிரணுவின் கேடு பிள்ளைகளுக்குச் செல்வதுமில்லை. அது ஒரு கூட்டத்தார்க்குரிய எச்சரிக்கையே அன்றித் தனி மனிதருக்குரிய தீர்ப்பு அன்று.

மருந்து உடலினுள் புகும் வழி பெரும்பாலும் தோலே. இடுப்பின் கீழுள்ள மென்தோல் கைத்தோலைக் காட்டிலும் பன்மடங்கு உறிஞ்சும். ஆகவே நனைந்த வேட்டியுடன் மாலை வரை நிற்பது தீது. தெளித்த துணியை வீட்டுத் துணியோடு கலந்து துவைத்தல், துவைக்கும் பெண்டிருக்குப் பங்கு கொடுப்பதாகும். சாயப்பட்டறையிலோ, உலர்ந்த தூளை நிறுக்கும் வேளையே அதிகத் தீங்கானது. வாய், மூக்கை மறைத்து, காற்றோட்டத்துக்கு முதுகு காட்டி நின்று நிறுத்தல் வேண்டும்.

ஒன்றை ஆய்வாளன் என்ற முறையில் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். சங்க இருப்புப் பதிவேடுகளில் "சிவப்பு 5 கிலோ", "புழு மருந்து 10 லிட்டர்" என்றே எழுதியிருக்கக் காண்கிறேன். ரேன் நோயைக் கண்டதும், லாத்ரப் தொழிலாளர் உண்மையை அறிந்ததும், எவர் எப்பொருளைக் கையாண்டனர் என்பது தெளிவாயிருந்தமையால். நம் அங்கத்தினரோ ஆண்டுக்கொரு மருந்து மாற்றுகின்றனர். இருபது ஆண்டுக்குப்பின் மருத்துவர் கேட்டால் விடை சொல்ல டப்பாவும் இராது, நினைவும் இராது. எனவே பொருளின் முழுப்பெயர், பேட்ச் எண், யார் கையாண்டது என்ற மூன்றையும் எழுதி, சாய வியாபாரியிடம் தடைசெய்யப்பட்ட பொருள் கலவாதது என்ற சான்றும் பெற்று, அப்பக்கங்களைத் தணிக்கை முடிந்ததும் கழித்துவிடாமல் வைத்திருக்குமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.