ஒரே கேன், வேறு வேறு விலை

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் கிராமங்களில் விடிந்ததும் பால் சொசைட்டி வாசலில் கூட்டம் கூடிவிடும். எல்லார் பாலும் ஒன்றாகக் கலந்து ஆவினுக்குப் போகிறது. விலை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. கலக்குமுன் எடுக்கிற சாம்பிளில் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கும் சோதனைதான் அதைத் தீர்மானிக்கிறது.

இந்தச் சோதனைக்கான தேவை அமெரிக்காவின் விஸ்கான்சினில் முற்றியது. பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலத்தில் குடியேறியவர்கள் முதலில் கோதுமை விதைத்தார்கள். வருஷா வருஷம் அதையே விதைத்ததில் மண் சத்திழந்தது. 1860-களில் பூச்சியும் சேர்ந்துகொண்டது. வேறு வழியில்லாமல் மாடு கட்டினார்கள். வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆலைகள் பெருகின. ஆலைகளோ எடைக்குத்தான் பணம் கொடுத்தன. கேட்க வேண்டுமா? தண்ணீர் ஊற்றியவனுக்கு லாபம்.

லாக்டோமீட்டர் இருந்ததே என்று தோன்றும். அது பார்ப்பது அடர்த்தியை மட்டும். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஏட்டை எடுத்துவிட்டால் மிச்சப் பால் கனத்து, லாக்டோமீட்டர் உயர்ந்து மிதக்கும். பிறகு அளவாகத் தண்ணீர் விட்டால் பழைய கோட்டுக்கே இறங்கிவிடும். இரண்டு திருட்டும் சேர்ந்தால் ஒரு நல்ல பால்!

1890-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக வேதியியலாளர் ஸ்டீபன் பாப்காக் இதற்கு முடிவு கட்டினார். பாலில் கந்தக அமிலம் ஊற்றினால் புரதம் கரைந்துபோகும், கொழுப்பு தப்பிவிடும். சுழற்றினால் அது குடுவையின் கழுத்தில் ஏறி நிற்கும். இதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை என்பது தனிப் பெருமை.

நம் ஊர்களில் பரவியது, அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் வகுத்த முறை. குழாயில் 10 மி.லி. அமிலம், அதன்மேல் மெதுவாக 10.75 மி.லி. பால், பிறகு 1 மி.லி. அமைல் ஆல்கஹால். அடைத்துக் குலுக்கும்போது கை சுடும். துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும். வெள்ளைப் பால் டிகாஷன் நிறமாகிவிடும். சுழற்றி எடுத்தால் உச்சியில் பொன்னிறப் பட்டை ஒன்று நிற்கும். அதன் உயரம்தான் காசு. பசும்பாலில் சுமார் 4 சதவீதம், எருமைப்பாலில் 6, 7 வரும். பருத்திக்கொட்டை வைத்தால் கொழுப்பு ஏறும் என்கிற பேச்சிலும் உண்மை உண்டு.

இப்போது பல சொசைட்டிகளில் மின்னணுக் கருவியே கொழுப்பையும் இதர சத்தையும் நொடிகளில் சொல்லிவிடுகிறது. ஒன்று தெரிந்திருப்பது நல்லது: அந்தக் கருவி காட்டும் எண் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க இன்றும் கெர்பர் குழாய்தான் உதவுகிறது.