தோற்ற கட்சி, வென்ற கோரிக்கை

புனே மாநகராட்சிக்கு 2026 ஜனவரி 15 அன்று வாக்குப்பதிவு நடந்தது. நகரின் கராடி பகுதி ஐ.டி. பூங்காக்களில் வேலை பார்க்கும் தமிழர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்தான். 2012இல் இங்கே 29 இடங்களைப் பிடித்த மகாராஷ்டிர நவநிர்மாண் சேனா 2017இல் இரண்டாகச் சுருங்கியது. 2024 சட்டமன்றத் தேர்தலில் ஓர் இடமும் இல்லை. ‘மண்ணின் மைந்தர்’ அரசியல் ஓய்ந்துவிட்டதா? ஓயவில்லை. அதன் பலம் தெரிய, பெரிய கட்சிகள் அதனிடமிருந்து எதை எடுத்துக்கொண்டன என்று பார்க்க வேண்டும்.

சிறிய கட்சி ஜெயிக்கத் தேவையில்லை. பெரிய கட்சியின் வாக்கைப் பிரிக்க முடிந்தால் போதும். 2006இல் பிறந்த இந்தச் சேனா, ஒரு சட்டமன்றப் பொதுத் தேர்தலைக்கூடச் சந்திக்காத நிலையில், 2008இல் வட இந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பியது, தாக்குதல்கள் நடந்தன. அந்த ஆண்டே காங்கிரஸ் கூட்டணி அரசு, அரசுச் சலுகை பெறும் தொழிற்சாலைகளில் 80 சதவீத வேலை உள்ளூர்வாசிகளுக்கே என்று ஆணையிட்டது. 15 ஆண்டு குடியிருந்தவரே உள்ளூர்வாசி என்பது அரசின் விளக்கம். மொழியைச் சொல்லாததால் நடுநிலை போலத் தெரிகிறது. ஆனால் ஆணைக்குப் பின்னால் இருந்த நெருக்கடி மொழியின் பெயரால் வந்தது. கோரிக்கையை எடுத்துக்கொண்டதால் சேனா மங்கியதா? இல்லை, 2009 சட்டமன்றத் தேர்தலில் 13 இடங்கள் வென்றது. பிரிட்டனிலும் இதுவே நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகக் கோரிய யுகிப் கட்சியை மட்டுப்படுத்த, 2013இல் பிரதமர் கேமரூன் பொதுவாக்கெடுப்புக்கு உறுதியளித்தார். 2015 பொதுத் தேர்தலில் யுகிப்புக்கு 12.6 சதவீத வாக்கு, ஒரே ஓர் இடம். மறுஆண்டே பொதுவாக்கெடுப்பில் விலகல் தரப்பு வென்றது. பெரிய கட்சி கோரிக்கையைக் கையிலெடுக்கும்போது அதற்கு நற்சான்றும் கொடுத்துவிடுகிறது.

மராத்தியர் தம் மொழிக்காகப் போராடுவது தவறா என்று கேட்கலாம். தவறே இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் மொழியாக இந்தி என்ற மகாராஷ்டிர அரசின் ஆணைகள் 2025 ஜூன் 29 அன்று திரும்பப் பெறப்பட்டதை, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை மறக்காத தமிழர் வரவேற்கவே வேண்டும். அது அரசின் திணிப்பை மறுப்பது. யார் இங்கே பிழைக்கலாம் என்று வரையறுப்பதோ சக மனிதனை மறுப்பது. 1966இல் பிறந்த சிவசேனாவின் முதல் இலக்கு மும்பையின் தென்னிந்தியர்கள். இலக்கு மாறிக்கொண்டே இருக்கும். இன்று நாம் இல்லை என்பது பாதுகாப்பாகாது.

இனி, வாக்களிப்பது பற்றிய கேள்விகள். வாடகைக்கு இருப்பவர் வாக்களிக்கலாமா? இங்குள்ள பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

எத்தனை வாக்கு? நான்கு உறுப்பினர் வார்டில் நான்கு.

வேட்பாளரிடம் என்ன கேட்பது? உங்கள் கணக்கில் உள்ளூர்வாசி யார் என்று.