வாங்கிய மின்னூல் ஏன் திறக்க மறுக்கிறது?

ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் கூடுகின்ற மூலையில், சித்தூர் மாவட்டத்தின் குப்பமும் அதனை அடுத்துள்ள குடுபல்லியும் அமைந்துள்ளன. தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் பகுதி இது. 1997ஆம் ஆண்டில் திராவிடப் பல்கலைக்கழகம் குப்பத்தில் நிறுவப்பட்டதும் இப்பின்னணியில்தான். ஆயினும் புதிய தமிழ் நூல் ஒன்றை விரும்பும் வாசகர், பெரும்பாலும் கிருஷ்ணகிரிக்கோ வேலூருக்கோ பெங்களூருக்கோ செல்லும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியுள்ளது. ஆதலின் மின்னூல் இங்கே ஓர் ஆடம்பரமன்று. பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குச் சென்று திரும்புவோருக்கு அது வழித்துணையும் ஆகும்.

இத்தகைய வாசகர்களிடமிருந்து வங்கிக் கிளைகளுக்கு ஒருவகை முறையீடு வருவதுண்டு. பணம் கணக்கிலிருந்து கழிந்துவிட்டது, நூல் பழைய கைப்பேசியில் இருந்தது, புதியதில் காணவில்லை. அல்லது, கைப்பேசியில் திறக்கிறது. மகள் வாங்கித் தந்த வாசிப்புக் கருவியில் திறக்கவில்லை. கணக்கைச் சரிபார்த்தால் பரிவர்த்தனை முறையாகவே நிறைவேறியிருக்கும். ‘எங்கள் பக்கம் தவறில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் பணம் கொடுத்து எதைப் பெற்றோம் என்பதை அறிய விரும்பும் வாடிக்கையாளருக்கு அது விடையாகாது.

ஒரு வங்கியின் அட்டையை மற்றொரு வங்கியின் ஏடிஎம்மில் செருகிப் பணம் எடுப்பது நமக்கு இயல்பாகிவிட்டது. அது தானாக நேர்ந்ததன்று. 2004இல் நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச் என்னும் பொது இணைப்பு தொடங்கப்பட்டு, வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் இணைந்தமையால் நேர்ந்தது. 2016இல் வந்த யுபிஐயும் அவ்வாறே. எந்த வங்கிக் கணக்கையும் எந்தச் செயலியிலும் இணைத்துக்கொள்ளலாம். மின்னூல் கடைகளுக்கிடையே அத்தகைய பொது இணைப்பு இல்லை. ஒரு கடையில் வாங்கிய நூல் மற்றொரு கடையின் செயலிக்கு அந்நியமே. ‘எங்கும் செல்லுபடியாகும்’ என்ற நமது பழக்கத்தை நூலுக்கும் பொருத்திப் பார்ப்பதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது.

நூலா, அனுமதியா?

அச்சு நூலை வாங்கினால் அது நமது உடைமை. படிக்கலாம், இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம். மின்னூலுக்கு நாம் செலுத்துவது பெரும்பாலும் உரிமக் கட்டணம். கிண்டில் கடையின் நிபந்தனைகள், உள்ளடக்கம் விற்கப்படவில்லை, உரிமமே வழங்கப்படுகிறது என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. பொத்தானில் மட்டும் ‘வாங்குக’ என்றிருக்கும். இம்முரண்பாட்டைக் கருதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல், உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்பதை வாங்குவோருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் செய்துள்ளது.

உரிமம் என்பதன் பொருளை உலகம் உணர்ந்தது 2009 ஜூலையில். உரிமை இல்லாத ஒருவர் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நாவல்களைக் கடையில் ஏற்றியிருந்தார் என்பதறிந்த அமேசான், ஏற்கெனவே விற்ற படிகளை வாசகர்களின் கருவிகளிலிருந்தே நீக்கியது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். நீக்கப்பட்ட நூல்களில் ஒன்று ‘1984’ என்பதை எண்ணும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

நம் நாட்டிலும் ஒரு நிகழ்வு உண்டு. ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2012இல் தொடங்கிய மின்னூல் விற்பனையை 2015 டிசம்பரில் நிறுத்தியது. வாசகர்கள் தம் நூலகத்தைக் கோபோ என்னும் மற்றொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள வழி செய்யப்பட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் யாவும் செயலிழந்தன. விலை முழுவதும் திருப்பித் தரப்பட்டது. நூல்களில் குறிப்பெழுதி வைத்திருந்தோருக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைக்கப்பட்டது. ஒருவர் பல மாதங்களாக ஓரங்களில் எழுதிய குறிப்புகளுக்கு அது ஈடாகுமா என்பதைக் கணக்காளர்களாகிய நாமும் சொல்ல இயலாது.

திறக்காமைக்குக் காரணங்கள்

கடை மூடப்படுவது அரிது. அன்றாடம் நேர்வது வேறு. முதற்காரணம் மிக எளிது. பெரும்பாலான முறையீடுகள் இதிலேயே முடிந்துவிடுகின்றன. நூலை வாங்கியபோது ஒரு மின்னஞ்சல் முகவரி, புதிய கருவியில் நுழைந்தபோது மற்றொன்று. வங்கியில் ஒரே நபருக்கு இரு வாடிக்கையாளர் எண்கள் அமைந்துவிட்டால், ஆவணங்களைச் சரிபார்த்து ஒன்றாக இணைத்துத் தருகிறோம். மின்னூல் கடைகள் பொதுவாக அவ்வாறு இணைப்பதில்லை. ஆகவே எந்த முகவரியில் ரசீது வந்ததோ, அதே முகவரியால் புதிய கருவியில் நுழைய வேண்டும்.

அடுத்தது கருவிகளின் எண்ணிக்கை. ஒரு நூலை ஒரே காலத்தில் இத்தனை கருவிகளில்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பு உண்டு. கிண்டிலில் அது பெரும்பாலும் ஆறு. விற்றுவிட்ட பழைய கைப்பேசியும் அந்த ஆறில் ஒன்றாக எண்ணப்படலாம். கைப்பேசியை மாற்றும்போது வங்கிச் செயலியை நீக்குவதுபோல், மின்னூல் கணக்கிலிருந்தும் அக்கருவியின் பதிவை நீக்கிவிடுவது நன்று.

மூன்றாவது, கோப்பின் வடிவம். உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட வடிவம் 2007இல் வந்த இபப். கிண்டில் தனக்கென வேறு வடிவங்களை வைத்துக்கொண்டது. 2022இல்தான் நாமே அனுப்பும் இபப் கோப்புகளை ஏற்கத் தொடங்கியது. பிடிஎஃப் கோப்பு எங்கும் திறக்கும் என்றாலும், பெரிய தாளுக்கென அமைத்த பக்கம் ஆறு அங்குலத் திரையில் எறும்பு வரிசையாகிவிடும். தமிழுக்குக் கூடுதல் இடர் ஒன்றும் இருந்தது. பழைய வாசிப்புக் கருவிகளில் ஒற்றைக்கொம்பும் கால்களும் எழுத்தை விட்டு விலகி நின்றன. கிண்டில் கடை தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களை விற்கத் தொடங்கியது 2016இன் இறுதியில்தான்.

இறுதியாக, பூட்டு. உரிய கணக்கும் உரிய செயலியும் இருந்தாலன்றி நூல் திறவாதபடி மறைக்குறியீடு இடும் முறையை டி.ஆர்.எம். என்பர். திருட்டுப் படிகளால் பதிப்பாளரும் எழுத்தாளரும் அடையும் இழப்பு உண்மையானது. பூட்டு வேண்டும் என்பதற்கு நியாயம் உண்டு. ஆனால் திருடுபவரைவிட, விலை கொடுத்தவரே அதனால் அதிகம் தடுக்கப்படுகிறார் என்பது எங்கள் கருத்து. கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி, கம்பிவழி கருவிக்கு மாற்றும் வசதியும் 2025 பிப்ரவரி 26 முதல் நிறுத்தப்பட்டது.

பூட்டைத் திறக்கும் மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்துடன் இத்தகைய தடுப்பை உடைப்பது இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. சட்டம் தடை செய்யாத நோக்கங்களுக்கு அதே பிரிவில் விலக்கும் உண்டு. ஆயினும் கடையின் நிபந்தனையை மீறியதாகக் கணக்கு முடக்கப்படலாம். அறிமுகமற்ற மென்பொருளுக்குக் கடவுச்சொல்லைக் கொடுப்பது அதனினும் பெரிய ஆபத்து. அக்கணக்கில்தான் நம் அட்டையும் இணைக்கப்பட்டுள்ளது.

பணத்தின் பக்கம்

அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. அச்சுப் பதிப்பு உள்ள மின்னூலுக்கு 18 விழுக்காடாக இருந்த வரி, 2018 ஜூலை 27 முதல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வாங்குவதற்கும் சந்தாவுக்கும் உள்ள வேறுபாட்டையும் பலர் கவனிப்பதில்லை. மாதச் சந்தாவில் இறக்கிய நூல், சந்தா நின்றதும் மறைந்துவிடும். அதில் பிழை ஏதுமில்லை. தானாகக் கழியும் சந்தாவுக்கு, கழிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வங்கி அறிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அக்குறுஞ்செய்தியைப் படித்து, வேண்டாததை அப்போதே நிறுத்திவிடலாம்.

வைப்புத்தொகைக்கு நியமனதாரரைப் பதிவு செய்கிறோம். மின்னூல் நூலகத்துக்கு அவ்வாறு செய்ய இயலாது. உரிமம் கணக்கு வைத்திருப்பவருக்கே உரியது. தலைமுறைக்கும் வீட்டில் இருக்க வேண்டும் என்று கருதும் நூலை அச்சில் வாங்குவதே தக்கது. பயணத்தில் ஒருமுறை படித்து முடிக்கும் நாவலுக்கு மின்னூல் போதும்.

பூட்டில்லாத தமிழ் நூல்களும் ஏராளம். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களையும் பிற்கால நூல்களையும் இலவசமாக வழங்குகிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம், இக்கால எழுத்தாளர்கள் மனமுவந்து அளித்த படைப்புகளை இபப், மோபி, தாள் அளவுப் பிடிஎஃப், ஆறு அங்குலப் பிடிஎஃப் எனப் பல வடிவங்களில் தருகிறது. எழுத்து சிதறும் கருவி வைத்திருந்தோருக்கு அந்த ஆறு அங்குலக் கோப்பு பெரும் உதவியாயிற்று. இக்கோப்புகளை எத்தனை கருவிகளிலும் வைத்துக்கொள்ளலாம். ரயில் புறப்படுமுன் இறக்கி வைத்துக்கொண்டால், வழியில் சிக்னல் இல்லாத இடங்களிலும் படிக்கலாம்.

பணம் செலுத்திய நூல் எக்கருவியிலும் திறக்கவில்லையெனில், முதலில் கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, அவர் 48 மணி நேரத்துக்குள் முறையீட்டைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டம் டிஜிட்டல் பொருள்களையும் மின்வணிகத்துள் அடக்குகிறது. தீர்வு கிட்டாதபோது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். பணம் இருமுறை கழிந்திருந்தாலோ, கழிந்தும் கடைக்குச் சேராதிருந்தாலோ அது வங்கியின் பொறுப்பில் வரும். பரிவர்த்தனை எண்ணுடனும் ரசீது வந்த மின்னஞ்சலுடனும் கிளைக்கு வாருங்கள்.