சிறுநீர்ச் சோதனையில் ஊக்க மருந்துகள்

மருத்துவர் எழுதித் தந்த மருந்தை முறைப்படி உட்கொண்டு வருபவரும் பணியின் பொருட்டோ விளையாட்டுப் போட்டியின் பொருட்டோ சிறுநீர்ச் சோதனைக்கு உட்பட நேரிடலாம். மருந்து எத்தனை நாள் தென்படும் என்பதே அப்போது எழும் முதற் கேள்வி. இதற்கு ஒரே எண்ணை விடையாகக் கூற இயலாது.

கவனக் குறைபாட்டு நோய்க்கும், அடக்கவியலாத உறக்க நோய்க்கும் அளிக்கப்படும் மருந்துகளில் மெதில்பெனிடேட், ஆம்பெட்டமின் ஆகிய இரண்டும் முக்கியமானவை. 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள், மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு இவை உட்பட்டவை. மெதில்பெனிடேட்டின் அளவு இரத்தத்தில் 2 முதல் 4 மணி நேரத்திற்குள் பாதியாகக் குறைந்துவிடும். அது ரிட்டலினிக் அமிலமாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. பெரும்பாலும் ஓரிரு நாள்களே தென்படும். ஆம்பெட்டமினோ பொதுவாக 2 முதல் 3 நாள் வரை தென்படக்கூடியது. நெடுநாள் மிகுதியாக உட்கொண்டவரிடம் இது மேலும் நீளும்.

ஆம்பெட்டமின் ஒரு காரப் பொருள். சிறுநீர் அமிலத்தன்மை உடையதாயின் அது விரைவாக வெளியேறும். காரத்தன்மை மிக்கதாயின் சிறுநீரகம் அதனை மீண்டும் இரத்தத்திற்கே அனுப்பிவிடும். உட்கொண்ட அளவில் 1 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை சிறுநீரில் மாற்றமின்றி வெளிவரலாம் என்பதிலிருந்து இவ்வேறுபாட்டின் அளவை உணரலாம். உணவு, சிறுநீரக நலம், மருந்தின் அளவு ஆகியவையும் இதில் பங்கு பெறுகின்றன. ஆகவே, விளம்பரத் தாள்களில் காணும் நாள்கணக்கை நம்பி முடிவெடுத்தல் விவேகமன்று.

சோதனை முறைக்கும் எல்லைகள் உண்டு. முதற்கட்டச் சோதனை எதிர்ப்பொருள்களைக் கொண்டு, ஒரு பொருளின் வடிவத்தை அடையாளம் காண முயல்வது. ஆம்பெட்டமினுக்கான சோதனையில் மெதில்பெனிடேட் பெரும்பாலும் சிக்குவதில்லை. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். மாறாக, சளிக்கு உட்கொண்ட சூடோஎபிட்ரின் மாத்திரை ஆம்பெட்டமின் போலத் தோற்றமளிக்கலாம். அமெரிக்க மத்திய அரசின் பணியிடச் சோதனைகளில் ஆம்பெட்டமினுக்கான முதற்கட்ட வரம்பு மில்லி லிட்டருக்கு 500 நானோகிராம். இதற்குக் குறைந்தால் 'இல்லை' என்றே முடிவு வரும். ஐயத்துக்குரிய மாதிரியை நிறை நிறமாலை மானியால் உறுதி செய்த பின்னரே இறுதி முடிவு கூறுதல் முறையாகும்.

இந்தியாவில் 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த சிவில் விமானப் போக்குவரத்து விதிகளின்படி, விமானிகளும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் ஆம்பெட்டமின் உள்ளிட்ட பொருள்களுக்காகச் சோதிக்கப்படுகின்றனர். முதற்கட்ட முடிவு ஐயத்திற்கிடமாயின், உறுதிச் சோதனை அறிக்கை வரும்வரை அவர் பணியிலிருந்து விலக்கி வைக்கப்படுவார். எனவே, உட்கொள்ளும் மருந்தை முன்கூட்டியே மருத்துவ அலுவலரிடம் தெரிவித்தல் இன்றியமையாதது.

விளையாட்டுத் துறையில் நிலைமை மேலும் கடினமானது. ஊக்க மருந்துகள் போட்டிக் காலத்தில் மட்டுமே தடை செய்யப்பட்டவை; அக்காலம் பொதுவாகப் போட்டிக்கு முந்திய நாள் இரவு 11.59 மணிக்குத் தொடங்குகிறது. ஆனால், இரு நாள் முன்னரே உட்கொண்ட மருந்தும் போட்டி நாளின் மாதிரியில் தென்பட்டால் அது விதிமீறலாகும். ஏனெனில், சிறுநீர் முடிவு மருந்து உடலில் இருந்ததை மட்டுமே காட்டும். உட்கொண்ட நேரத்தையோ அதனால் திறன் மாறியதையோ காட்டாது. இங்கு மருத்துவர் சீட்டு மட்டும் போதாது. தேசிய ஊக்க மருந்துத் தடுப்பு முகமை போன்ற உரிய அமைப்பிடமிருந்து சிகிச்சைக்கான விலக்கு பெற்றிருத்தல் வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைப் போட்டிக்கு 30 நாள்களுக்கு முன்னரே அளிப்பது வழக்கம்.