மருந்து அடிக்கும் முன் பக்கத்துத் தோப்பில் ஒரு வார்த்தை கேளுங்க!

தென்னை ஓலையின் அடிப்பக்கம் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக இருக்கிறதா? கீழ் ஓலைகளில் கரி பூசியதுபோல கறுப்பு படிந்திருக்கிறதா? அது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயின் வேலை.

மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இந்தப் பூச்சி, இந்தியாவில் 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது. இன்று தென் மாநிலங்களில் பரவி நிலைத்துவிட்டது. இனி அடியோடு ஒழிப்பது கடினம், கட்டுக்குள் வைக்கலாம்.

அதற்குக் கைகொடுப்பது என்கார்சியா என்ற மிகச்சிறிய குளவி. வெள்ளை ஈயின் இளம்பருவத்துக்குள் முட்டையிட்டு, அதை அழித்துவிடும். பதற்றத்தில் பூச்சிக்கொல்லி அடித்தால் இந்தக் குளவியும் செத்துப்போகும். பிறகு ஈக்கள் முன்பைவிட வேகமாகப் பெருகும். குளவிக்கு வேலி தெரியாது. ஒரு தோப்பில் அடிக்கும் மருந்தின் நஷ்டம் பக்கத்துத் தோப்புக்கும்தான்.

ஆகவே, உங்கள் தோப்பில் என்கார்சியா இருந்தால் அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். குளவியின் கூட்டுப்புழுக்கள் உள்ள ஓலைத் துண்டுகளை, 10 மரங்களுக்கு ஒன்று வீதம் மற்ற தோப்புகளில் வைக்கலாம். ஆமணக்கு எண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டும் பொறிகள் ஈக்களைப் பிடிக்கும். ஓலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பதும் பலன் தரும்.

சந்தேகம் இருந்தால், ஓலையைப் படமெடுத்து வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் பதிலை ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள்.