நெறிக்கட்டிக்கு மருந்து, மார்க்கர் பார்த்த பிறகுதான்

கழுத்தில் நெறி கட்டினால் நம் ஊரில் முதலில் காசநோயைத்தான் நினைப்பார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் விடாத காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு எல்லாம் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் வரும். பயாப்ஸி செய்யாமலே காசநோய் மாத்திரையை ஆரம்பித்து, கட்டி கரையவில்லையே என்று மாதக்கணக்கில் காத்திருப்பது பெரிய ஆபத்து.

‘லிம்ஃபோமா’ என்று மட்டும் ரிப்போர்ட் வந்தாலும் போதாது. அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரியும் செல்களை அவற்றிலுள்ள புரதங்களை, அதாவது மார்க்கர்களை, வைத்துத்தான் பிரிக்கிறார்கள். பலவற்றுக்கு சிடி என்று தொடங்கும் எண் உண்டு. 1982-ல் பாரிஸில் கூடிய ஆய்வாளர்கள் தொடங்கிவைத்த முறை அது. ஸ்லைடில் ஒட்டிய நெறியின் மெல்லிய சீவல்மேல் சிடி20-க்கான ஆன்டிபாடியை இட்டு நிறமேற்றினால், அந்தப் புரதமுள்ள செல்களின் விளிம்பு பழுப்பாகும். அவை பி செல்கள் என்ற வெள்ளணு வகை. சிடி3 இன்னொரு வகையான டி செல்லைக் காட்டும். பி செல்லில் சிடி5-உம் சைக்ளின் டி1-உம் சேர்ந்து வந்தால் மேன்டில் செல் வகையைச் சந்தேகிக்க வேண்டும். சிகிச்சையே இந்த மார்க்கர்களை நம்பித்தான் நடக்கிறது. 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்சிமாப் என்ற மருந்து சிடி20-ஐத்தான் பிடிக்கும். அது இல்லாத கட்டிக்கு அந்த விலையுயர்ந்த மருந்தை ஏற்றிப் பயனில்லை.

எனவே டாக்டரிடம் கேளுங்கள்: “ஊசி குத்தி எடுத்தது போதுமா, நெறியை முழுசாக எடுக்க வேண்டுமா? மார்க்கர் பார்க்கும் ஐ.எச்.சி. டெஸ்ட் செய்தாச்சா?” பயாப்ஸிக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டி சுருங்கி நோய் மறைந்துவிடலாம், அதனால் ஸ்டீராய்டு ஏதும் தருகிறார்களா என்றும் கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் திசு பதித்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கேட்டு வாங்கி, வேறு மருத்துவமனையில் காட்டுங்கள். தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2018 நோயாளர் உரிமை சாசனம் இரண்டாவது கருத்துக்கு இடமளிக்கிறது. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002-லிருந்தே மருத்துவர்களுக்கான விதி. கட்டணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் அலட்சியம் நடந்திருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். மருத்துவர்மேல் மாநில மருத்துவக் கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம்.

ஏற்கெனவே காசநோய் மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். கட்டி குறையவில்லை என்றால் டாக்டரைப் பார்த்து பயாப்ஸி கேளுங்கள்.